அர்சேனியின் ஷிஃப்டில் வந்த ஏரி

ரொதியோன் சவேலிச்சுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசைதான் இருந்தது என்று சொன்னால் அவர் மனைவி லிதியா சண்டைக்கு வருவாள். ஆனால் ஐம்பத்தெட்டு வயதில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். தென்துருவத்துப் பனிக்கு அடியில், ஏறக்குறைய நாலு கிலோமீட்டர் ஆழத்தில், வெயிலே பார்க்காமல் ஓர் ஏரி கிடக்கிறது. துளைப்பான் அந்தத் தண்ணீரைத் தொடுகிற நேரத்தில் அதன் வடத்தை இறக்கி ஏற்றுகிற வின்ச்சின் பிடியில் தன் கை இருக்க வேண்டும். அவ்வளவுதான் கேட்டார்.

வர்க்குத்தா நிலக்கரிச் சுரங்கத்தில் துளை போட்டுப் பழகிய கை அது. பீட்டர்ஸ்பர்க்கில் துருவ வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் கிளம்பி வந்தவர்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு டிசம்பரிலும் விமானம் ஏறினார், ஒவ்வொரு பிப்ரவரியிலும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினார். ஒரு வருஷம் துளைப்பான் பனியில் சிக்கி, இழுத்த இழுப்பில் கம்பிவடம் அறுந்துபோனது. கீழே கிடந்ததை எடுக்க வழியில்லை. அதை ஒதுக்கிவிட்டுப் பக்கவாட்டில் வளைத்துத் துளைப்பதற்குள் சில சீசன்கள் ஓடித் தீர்ந்தன. அடுத்து வெளிநாட்டுக் கமிட்டிக்காரர்கள் கிளம்பினார்கள். துளை மூடிவிடாமல் இருக்க ஊற்றுகிற மண்ணெண்ணெய் ஏரியைக் கெடுக்காது என்று நிரூபித்துவிட்டுத் தொடுங்கள் என்றார்கள். எல்லாம் சரியாகி வந்த வருஷம் குளிர் முந்திக்கொண்டது. குளிர் ஓர் அளவைத் தாண்டினால் விமானம் பனியை விட்டு எழும்பாது. மூட்டை கட்டு என்றார்கள்.

ஊரில் அவர் தோட்டத்து வீட்டுக்குப் பக்கத்து வேலிக்காரன் ஒவ்வொரு வசந்தத்திலும் உருளைக்கிழங்கு நட்டுக்கொண்டே கேட்பான்: "என்ன சவேலிச், இந்தத் தடவையாவது மீன் ஏதும் சிக்குச்சா?" சிரித்துக்கொண்டே பதில் சொல்லப் பழகியிருந்தார். உள்ளே பற்றிக்கொண்டு வரும்.

அடிப்பகுதிப் பனி இருக்கிறதே, அது இன்னொரு தலைவலி. ஏரிக்கு அருகில் போகப் போகப் பனிக்குச் சூடு ஏறும். சீவல்கள் பிசுபிசுவென்று கத்தியில் ஒட்டிக்கொள்ளும். பேராசைப்பட்டு ஒரேயடியாகக் கடித்தால் துளைப்பான் அங்கேயே குடியிருக்க வேண்டியதுதான். அதனால் அரை மீட்டர் வெட்டுவது, மொத்த வடத்தையும் சுருட்டி மேலே இழுப்பது, வெட்டி வந்த பனித்தண்டை எடுத்துவிட்டுச் சுத்தம் செய்வது, திரும்ப இறக்குவது. அந்த அரை மீட்டருக்குள் அரை நாள் ஓடிவிடும்.

துளைக்கூடத்தில் எழுதி ஒட்டாத சட்டம் ஒன்று இருந்தது. வின்ச்சில் நிற்பவனுக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. போட்டது சாட்சாத் ரொதியோன்தான். கீழே நடப்பதைக் கை கேட்டுக்கொண்டிருக்கும்போது பிடரியில் இன்னொருத்தன் மூச்சு விட்டால் காரியம் கெடும் என்பார். ஒருமுறை குழுத் தலைவர் கோர்தேய் மக்சிமோவிச்சே பின்னால் வந்து நின்றபோது, "ஒண்ணு நீங்க பிடிங்க, இல்ல நான் பிடிக்கிறேன்" என்று பிடியை விட்டு விலகி நின்றார். தலைவர் வெளியே போனார். அன்றிலிருந்து ஷிஃப்ட் முடிந்தவன் நிலவரத்தைச் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவான். நின்றான் என்றால், உன் கையை நான் நம்பவில்லை என்று அர்த்தம்.

அந்தப் பிப்ரவரியில் பனித்தண்டு கண்ணாடி மாதிரி வர ஆரம்பித்தது. ஏரி பக்கத்தில்தான் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. இன்னும் ஓரிரு நாளில் கடைசி விமானம் வந்துவிடும் என்று தலைவர் முணுமுணுத்துக்கொண்டே திரிந்தார். ரொதியோன் தன் ஷிஃப்ட் முழுவதும் செலவழித்துத் துளைப்பானை மெல்ல மெல்ல அடிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். வெட்ட ஆரம்பிக்க வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து அர்சேனி இக்னாத்திச் வந்து நின்றார்.

அர்சேனி அவருக்கு மாற்று ஆள். ஒரே வயது, ஒரே அறை, குறட்டைக்காக இருபது வருஷச் சண்டை. தாமதமாக வருவது என்பதே அந்த மனிதரின் பிறப்பில் கிடையாது. இன்றைக்கு மட்டுமாவது ஒரு கோப்பை டீ கூடுதலாகக் குடித்துத் தொலைத்திருக்கக் கூடாதா?

"சுமை சரியா இருக்கு. கரண்ட் மீட்டர் முள்ளுதான் லேசாத் துடிக்குது" என்றார் ரொதியோன்.

"சரி" என்று அர்சேனி பிடியில் கை வைத்தார்.

ரொதியோன் கதவு வரை போனார். கோட்டுப் பொத்தானைப் போட்டார், கழற்றினார், திரும்பப் போட்டார். அர்சேனி 'இரு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தானாகக் கேட்பதற்கு ரொதியோனுக்கு வாய் வரவில்லை. தன் சட்டத்தைத் தானே மீறுவதற்கு அந்த முதுகு ஒரு சாக்காவது கொடுக்க வேண்டாமா? முதுகு திரும்பவே இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

சாப்பாட்டறையில் கோதுமைக் கஞ்சியும் உப்பு வெள்ளரியும் வைத்தார்கள். இரண்டாவது வாய் வைப்பதற்குள் துளைக்கூடத்து மணி அலறியது.

மூன்று படி ஏறினாலே மூச்சு வாங்குகிற, காற்று மெலிந்த அந்தப் பனிமேட்டு உயரத்தில் ரொதியோன் ஓடினார். கூடத்துக்குள் நுழைந்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. கீழே ஏரித் தண்ணீர் துளைக்குள் பொங்கி ஏறி, மேலே இருந்த மண்ணெண்ணெயை வெளியே தள்ளியிருந்தது. தரையெல்லாம் மண்ணெண்ணெய். ஏறிவந்த தண்ணீர் உறைந்து துளைப்பானைப் பிடித்துக்கொள்வதற்குள், அர்சேனி முழு வேகத்தில் வடத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தார். தலைவர் அழுதுகொண்டே கண்டவரையெல்லாம் கட்டிப்பிடித்தார். ரொதியோனையும் கட்டிப்பிடித்துவிட்டு, கையில் ஒரு வாளியைத் திணித்தார். அள்ளச் சொன்னார்.

அள்ளினார். எத்தனையோ வருஷமாகக் காத்திருந்த ஏரி வந்த நேரத்தில் ரொதியோன் சவேலிச் குனிந்து மண்ணெண்ணெய் அள்ளினார். வாளியை எட்டி உதைக்க வேண்டும் போல இருந்தது. படம் எடுக்க வேண்டும், நீங்களும் பிடியில் கை வையுங்கள் என்று தலைவர் கூப்பிட்டதற்கு, அது என் ஷிஃப்ட் இல்லை என்று நிமிராமலே சொல்லிவிட்டார்.

கூட்டம் சாப்பாட்டறைக்குக் குடிக்கப் போன பிறகு, ரொதியோனும் அர்சேனியும் மட்டும் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு வார்த்தை, 'இரு'ன்னு சொல்லியிருக்கக் கூடாதா, இக்னாத்திச்?"

அர்சேனி துணியைப் பிழிந்தார். "நீ கதவுகிட்ட நின்னது தெரியும்யா. நிக்கட்டுமான்னு நீயே கேட்பேன்னு பார்த்தேன். நானா 'இரு'ன்னு சொல்லியிருந்தா, இக்னாத்திச்சுக்குத் தனியா வெட்ட பயம்னு பீட்டர்ஸ்பர்க் பூரா சொல்லிச் சிரிச்சிருப்ப. சிரிச்சிருக்க மாட்டே?"

ரொதியோன் யோசித்துப் பார்த்தார். கட்டாயம் சிரித்திருப்பார்.