மூன்று நிமிட வயிற்றுவலி

பேருந்து நிலையத்துக் கண்ணாடிக் கூண்டில் அமர்ந்து, வண்டி வந்த நேரத்தையும் கிளம்பிய நேரத்தையும் பதினெட்டு ஆண்டுகளாகக் குறித்துவந்தவர் அவர். ஓட்டுநர்களுக்குக் ‘கடிகாரக்கா’. மகளின் வயிற்றுவலியையும் அப்படியேதான் குறித்தார்.

பதினைந்து வயது மகள் திடீரென்று தொப்புளைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவாள். குடல்வாலை எடுத்தார்கள், குடல்வால் போனது, வலி போகவில்லை. ஸ்கேன், பூச்சி மருந்து எல்லாம் தீர்ந்தபின் நான்காவது மருத்துவர், பள்ளிக்கான சான்றிதழில் ஒரே வரி எழுதினார்: ‘தேர்வு பயத்தால் நடிக்கிறாள்.’ அது வகுப்பில் தெரிந்த நாள்முதல் அவள் வயிற்றில் கை வைத்தாலே வகுப்பு சிரித்தது.

“நீயும் நடிப்புன்னு நினைக்கிறியாம்மா?”

“லீவு நாள்ல எதுக்குடி நடிக்கப் போற? ஞாயித்துக்கிழமை மட்டும் ஒம்பது தடவை வந்திருக்கு. எழுதி வச்சிருக்கேன்.”

ஓட்டுநர் ஒருவர் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தார். “அக்கா, வயித்துவலிக்கும் டைம் போடுறீங்களாமே!”

“உன் வண்டி மாதிரியா அது? மூணு நிமிஷத்துல கிளம்பிடுது.”

நூலகத்து மருத்துவ நூல்களோடு அகராதியும் கையுமாக மல்லுக்கட்டி, கடிகாரக்கா தாமாகவே ஒரு நரம்பு மருத்துவரைத் தேடிப் போனார். குறிப்பேட்டின் கடைசிக் கட்டத்தில் மருத்துவரின் விரல் நின்றது.

“வலி விட்டதும் இன்னிக்கு என்ன கிழமைன்னு கேக்குறாளா?”

“எழுபத்தோரு தடவையில ஐம்பத்தெட்டு தடவை, டாக்டர். கேட்டுட்டு அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிடுவா.”

“வயிறு கெட்டா கிழமை மறக்காதே!”

மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி. சோதனை முதல்முறை எதையும் காட்டவில்லை. தூக்கத்தைக் குறைத்துவிட்டு வரச்சொல்லி மறுமுறை எடுத்தார்கள். கூர்கூரான அலைகள் அகப்பட்டன.

“இதுவும் வலிப்புதாம்மா. கைகால் இழுக்கணும்னு இல்ல. ரொம்ப அபூர்வமா, வயித்துவலியா வரும்.”

மாத்திரை தொடங்கியது. ஒன்பது வாரங்கள் குறிப்பேட்டில் எழுத ஒன்றுமில்லை. பத்தாவது வாரம் மகளை அழைத்துக்கொண்டு, பள்ளியிலிருந்து வாங்கிய அந்தச் சான்றிதழும் ஈ.ஈ.ஜி. அறிக்கையின் நகலுமாக நான்காவது மருத்துவர் முன் போய் நின்றார்.

“அந்த வரியை அடிச்சுக் கொடுங்க, டாக்டர்.”

“அதான் சரியாயிடுச்சே, விடுங்கம்மா.”

“எங்க கூண்டுல தப்பா எழுதினா அப்படி விட மாட்டாங்க. குறுக்கே ஒரு கோடு, பக்கத்துல சரியானது, கையெழுத்து, தேதி.”

மருத்துவர் அவரைப் பார்த்தார், மேசைமேல் விரிந்திருந்த அலைகளைப் பார்த்தார், பேனாவைத் திறந்தார். சான்றிதழில் ‘தேர்வு பயத்தால் நடிக்கிறாள்’ மீது கோடு விழுந்தது. பக்கத்தில் ‘வலிப்பு நோய், சிகிச்சையில் இருக்கிறாள்’ என்று எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட்டார்.

“மணி போடலையே, டாக்டர்?”

“அம்மா! வா, போதும்!” என்று காகிதத்தைப் பறித்துக்கொண்டாள் மகள். மறுநாள் காலை வகுப்பாசிரியையிடம் அவளே அதை நீட்டினாள். “சத்தமாப் படிங்க, மிஸ்.”