என் வாக்குமூலத்தை ஏட்டு எழுதினார்

எனக்கு நாலு பேர் எதிரே பேச வராது. கல்யாண வீட்டில் இன்னொரு தடவை குழம்பு கேட்கக் கூச்சப்பட்டு, வெறும் சோற்றைத் தின்றுவிட்டு எழுந்தவன் நான். அப்படிப்பட்டவனை வாய் திறக்க வைப்பது சுலபம் என்று போலீஸ் நினைத்தது.

ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவே ஒரு தோல் பதனிடும் ஷாப்பில் எனக்கு வேலை, முடி கழலத் தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறப்போடுவது. ஞாயிற்றுக்கிழமை முழு லீவு கேட்டு ஷாப்பு வாசலில் யாரோ நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். யாரோ என்ன, எழுதியது நான்தான். குழிக்காரர்களில் மூன்றாம் வகுப்பு வரை போனவன் நான் ஒருவனே. "லீவு தராவிட்டால் நடப்பதற்கு நாங்கள் பொறுப்பல்ல" என்ற கடைசி வரி மட்டும் என்னுடையதல்ல. வாயாடியான என் கூட்டாளி சொல்லச் சொல்ல எழுதியது. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு, மிரட்டுகிறார்கள் என்று முதலாளி பிராது கொடுத்துவிட்டார். மாட்டினால் வேலூர் ஜெயில்.

கூட்டாளி ஒரு வக்கீல் குமாஸ்தாவிடம் விசாரித்து வந்தான். "உன்னையே மாட்டிவிடுற கேள்விக்கு நீ பதில் சொல்ல வேணாமாம். சட்டத்துலயே இருக்குதாம்" என்றான். எனக்காகவே எழுதின சட்டம் போலிருந்தது. ஏட்டுக்கு அதை யாரும் படித்துக் காட்டவில்லை.

என்னைக் குழியிலிருந்து அப்படியே கூட்டிப் போனார்கள். அது அவர்கள் செய்த தப்பு. ஊறின தோலின் நாற்றம் எங்களுக்குத் தெரிவதில்லை; ஏட்டுக்குத் தெரிந்தது. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டார்.

"யார்டா எழுதினது?"

நான் தரையைப் பார்த்தேன்.

"எழுதப் படிக்கத் தெரியுமாடா உனக்கு?"

தரை.

"இன்னாடா, ஊமையா நீ?"

ஒவ்வொரு கேள்விக்கும் அவர் கைக்குட்டையை எடுக்கவேண்டியிருந்தது. இரண்டு அறை விட்டார். அறைந்த கையை மோந்து பார்த்துவிட்டு, வெளியே போய்க் கழுவிக்கொண்டு வந்தார். மூன்றாவது அறை விழவில்லை.

கடைசியில் எனக்குப் பதிலாக அவரே பேசிவிட்டார். மளமளவென்று எழுதி, "உன் வாக்குமூலம். கைநாட்டு வை" என்று காகிதத்தைத் தள்ளினார். ஓரக்கண்ணால் படித்தேன். நான் அவ்வளவு அழகாகப் பேசுவேன் என்று எனக்கே தெரியாது. நோட்டீஸை எழுதியவன் என் கூட்டாளி, என் கண்ணால் பார்த்தேன் என்று அதில் சொல்லியிருந்தேன். ஷாப்பு மேஸ்திரிக்கு அவனைக் கண்டால் ஆகாது; ஏட்டிடம் அவன் பெயரைக் கொடுத்தது அவராகத்தான் இருக்கும்.

பொய் என்று சொன்னால் எனக்குப் படிக்கத் தெரியும் என்று ஆகிவிடும். படிக்கத் தெரிந்தவனுக்கு எழுதவும் தெரியும். சொல்லாவிட்டால் அவன் உள்ளே போவான். அந்த இடத்தில், நான்தான் எழுதினேன் என்று வாய் திறந்ததாக எழுத ஆசை. திறக்கவில்லை. விரல்களை மடக்கி இறுக்கிக்கொண்டேன், அவ்வளவுதான். ஒரு கான்ஸ்டபிள் அவற்றைப் பிரித்து, கட்டைவிரலில் மை தடவி அழுத்தினான். கறுப்பாக ஒரு பொட்டு விழுந்தது. ரேகை இல்லை. மூன்று தடவை அழுத்தியும் பொட்டுதான். பதினோரு வருஷம் சுண்ணாம்பு தின்ற விரலில் ரேகை ஏது?

"இதக் கோர்ட்டுல காட்டினா நானே மைய ஊத்திட்டேன்னு சொல்லுவாங்க" என்று ஏட்டு காகிதத்தைக் கசக்கினார். "போடா. ஸ்டேஷனே நாறுது."

ஷாப்பு வாசலில் கூட்டாளி நின்றிருந்தான். என் விரல் மையைப் பார்த்ததும் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினான்.

"மூணாங்கிளாஸ் படிச்ச தொரை கைநாட்டு வெச்சிட்டு வர்றாரு பாருங்கப்பா."

குழியே சிரித்தது. எந்தக் காகிதத்தில் வைத்தேன் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.