பாதி யாசீன்

எங்கள் வீட்டு பீரோ மேல் ஒரு ரைஹால் இருந்தது. குர்ஆனை விரித்து வைத்து ஓதும் மடக்குப் பலகை. என் கல்யாணச் சீரில் அம்மா கொடுத்தது. பச்சை வெல்வெட் உறையிலிட்ட குர்ஆனும் அதுவும் எனக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டுக்குள் போயின. என் வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமைதோறும் ஸ்டூல் போட்டு ஏறி, உறையைத் துடைத்து முத்தமிட்டு, ஊதுபத்தி கொளுத்துவார். கீழே இறக்கினால் மரியாதைக் குறைவு என்பார். நான் ஓதுவது அடுப்படியில், சின்ன வயதில் மனப்பாடம் செய்த சூராக்களை, குர்ஆன் அத்தியாயங்களை, எனக்கே கேட்காத குரலில்.

அவருக்குத் திருத்தணி மலையடிவாரத்தில் வளையல் கடை. ஆடிக் கிருத்திகை வந்தால் ஆந்திராவிலிருந்து காவடியோடு வரும் கூட்டத்துக்குக் கை போதாது. ஒரு ஆடியில் சிறுவனாக இருந்த எங்கள் மூத்த மகனை, பெரியவனை, பள்ளிக்கூடத்திலிருந்தும் மதரசாவிலிருந்தும் நிறுத்திக் கடைக்குக் கூட்டிப் போனார். பிறகு அனுப்பவே இல்லை. மதரசாவில் ஓதிக் கொடுக்கும் ஹஜ்ரத் வீடு தேடி வந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"யாசீன் சூராவுல பாதி வந்துட்டான் பாய். நல்ல நாக்கு. இன்னும் கொஞ்ச நாள் வுடுங்க."

"அந்த நாக்காலதான் ஹஜ்ரத் தெலுங்குல பேசி வளையல் விக்கிறான். அவன் ஓதிக்கினு உக்காந்தா, கடைக்கு நீங்க வருவீங்களா?"

முன்னால் வைத்த டீயைக் குடிக்காமல் ஹஜ்ரத் போய்விட்டார்.

என் வீட்டுக்காரரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மார்க்கத்தின் மேல் உயிர். ஆனால் அது பீரோ மேல் இருந்தால் போதும், வீட்டுக்குக் காவல் என்று நினைத்தவர். எங்கள் தெருவில் பலரும் அப்படித்தான். பள்ளிவாசலுக்குப் பெயின்ட் அடிக்க அள்ளிக் கொடுப்பார்கள்; பிள்ளை கொஞ்சம் வளர்ந்தால் கடைக்கு ஆள் கிடைத்தது என்பார்கள். நானே ஐந்தாவதோடு நின்றவள். குர்ஆனின் தமிழ் அர்த்தத்தை இன்றும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறேன். ஒரு பக்கம் முடிவதற்குள் சோறு வெந்துவிடும்.

எத்தனையோ வருஷம் கழித்து, பெரியவனுக்கே தாடி நரைத்த பிறகு, போன மழைக்காலத்தில் அவருக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார் டாக்டர். அன்று மத்தியானம் பெரியவனின் கையைப் பிடித்துக்கொண்டு, "யாசீன் ஓதுடா. உன் வாயால கேக்கணும்" என்றார். உயிர் பிரியும் நேரத்தில் தலைமாட்டில் ஓதுகிற சூரா அது.

அவன் குர்ஆனை இறக்கி ரைஹாலில் விரித்தான். எழுத்து ஓடவில்லை. ஞாபகத்தில் இருந்ததைச் சொன்னான். சில ஆயத்துகள், வசனங்கள், அழகாக வந்தன. அவர் முகம் தெளிந்தது. பிறகு நின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினான், மறுபடி அதே இடத்தில் நின்றது. நான் எடுத்துக் கொடுத்தேன். அவன் நாக்கு பிடிக்கவில்லை. வியர்த்துப்போய் செல்போனில் யாசீனைப் போட்டுத் தலைமாட்டில் வைத்தான். நல்ல ஓதல்தான். நடுவில் அது நின்று, நகைக்கடை விளம்பரம் வந்தது. சேதாரம் கிடையாது என்று ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அவர் கண்ணைத் திறந்து, "அது வேணாம். நீ ஓது" என்றார் மகனிடம். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவரைப் பார்க்க வந்த ஆம்பளைகள் நிறைந்த அறையில் முதல் தடவையாக நான் குரலெடுத்தேன். முழுவதும் ஓதினேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. மகனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியே போய்விட்டார்.

வயசுப் பிள்ளைகள் இதைப் படித்தால் ஒன்று சொல்வேன். கடை எங்கேயும் போய்விடாது. நாக்கும் புத்தியும் இளசாக இருக்கிற காலம்தான் போய்விடும்.

ரைஹால் இப்போது கீழேதான் இருக்கிறது. அந்தி மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு பெரியவன் மதரசாவில் பொடிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து வருகிறான். "பாய், பாடம் வந்துச்சா?" என்று அந்தப் பிள்ளைகள் நரைத்த தாடியைப் பார்த்துக் கேலி செய்கிறார்களாம். தன் மகனைக் காலேஜில் சேர்த்திருக்கிறான். ஆடி வந்தாலும் கடைக்குக் கூப்பிடுவதில்லை. வீட்டுக்கு வந்ததும் ரைஹாலின் முன் உட்கார்ந்து ஓதுகிறான். முழு யாசீனும் வந்துவிட்டது. ஆனால் அன்று நின்றுபோன அந்த ஆயத்து வந்ததும் நிறுத்திவிட்டு, அவர் கிடந்த கட்டிலைப் பார்க்கிறான். அடுத்தது என் நாக்கு நுனியில் இருக்கும். எடுத்துக் கொடுப்பதில்லை. மறந்து போய் அவன் நிற்கவில்லை என்று எனக்குத் தெரியும். கட்டிலில் யாரும் இல்லை.