புதன்கிழமை வந்த நாற்பது பேர்

1. ஈ ஓட்டிய ஐந்து நாள்

"ஸ்டெல்லாம்மா, உங்க சென்டருக்கு புதன்கிழமை மட்டும்தான் ஆள் வருது. மத்த நாள்ல ஈ ஓட்டறீங்களா?"

சேலத்திலிருந்து வந்த அதிகாரி இப்படிக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஏற்காடு மலையில் கிராம சுகாதார செவிலியராக இருபத்தாறு வருஷம் நடந்து தேய்ந்த கால் இது. ஈ ஓட்டுகிறேனாம்! ஆனால் அவர் ரிஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினார். புதன் நாற்பது பேர். திங்கள் இரண்டு பேர். வியாழன் ஒருத்தி. பக்கத்துக்குப் பக்கம் அதே கதைதான்.

அவர் கையில் ஒரு ஃபைல் இருந்தது. எங்கள் துணை சுகாதார நிலையத்தை மூடிவிட்டு, வேலையை ஒரு தனியார் ஏஜென்சியிடம் கொடுத்துவிடலாம் என்று யோசனை. ஏஜென்சியின் வேன் புதன்தோறும் மலை ஏறும், பரிசோதனை செய்யும், இறங்கிவிடும். "நாங்களா சொல்லலம்மா. உங்க ரிஜிஸ்டர்தான் சொல்லுது," என்றார்.

தனியார் என்றாலே ஆகாது என்கிறவள் இல்லை நான். என் முழங்கால் வலிக்குத் தனியார் டாக்டரிடம்தான் போகிறேன், நன்றாகவே பார்க்கிறார். ஆனால் அவரிடம் நான்தான் பஸ் ஏறிப் போகவேண்டும். அவர் என்னைத் தேடி வரமாட்டார்.

2. நான் செய்த தப்பு

அந்த ரிஜிஸ்டரை அப்படி எழுதியவள் சாட்சாத் நானேதான்.

காப்பிப் பழம் பறிக்கிற மாதங்களில் கர்ப்பிணிகளைச் செக்கப்புக்கு வா என்றால் ஒருத்தியும் வரமாட்டாள். வந்தால் அன்றைய கூலி போய்விடும். அதனால் காலை ஏழு மணிக்கு நானே எஸ்டேட் மஸ்டருக்குப் போய்விடுவேன். ஆட்களை வரிசையில் நிறுத்தி, எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டர் பெயர் கூப்பிட்டு, நோட்டில் வருகை குறித்து வேலை பிரிக்கிற இடம் அது. அவர் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். நான் வரிசையோடு நகர்ந்து பி.பி. பார்ப்பேன், விரலில் குத்தி ரத்தம் எடுப்பேன், இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பேன். தினம் ஓர் எஸ்டேட். எல்லாவற்றையும் என் டைரியில் குறித்துக்கொள்வேன்.

அரசாங்கம் கொடுத்த டேப் கம்ப்யூட்டரில் ஏற்றத்தான் வழியில்லை. தோட்டத்துக்குள் சிக்னல் கிடைக்காது. புதன் தடுப்பூசி நாள், முழுக்க சென்டரில் இருப்பேன் என்பதால் வார வேலையை மொத்தமாக அன்று ஏற்றுவேன். டேப்பில் புதன் தேதி விழும். இரண்டும் ஒத்துப்போகட்டுமே என்று ரிஜிஸ்டரிலும் அதே தேதியைப் போட்டுவிடுவேன். பெரிய புத்திசாலி என்று நினைப்பு எனக்கு!

அதிகாரியிடம் இதை ஒளிக்காமல் சொன்னேன்.

"எழுதிக் கொடுப்பீங்களா?" என்று கேட்டார். "கொடுத்தா தேதியை மாத்திப் போட்டதா ஆகும். மெமோ வரும். ரிட்டயர்மென்டுக்கு ரெண்டு வருஷம்தான் இருக்கு, யோசிங்க."

பயமாகத்தான் இருந்தது. ஆனால் என் பேனா வாங்கிவைத்த வினையை என் பேனாதான் தீர்க்கவேண்டும். "எழுதித் தர்றேனுங்க சார். நாளைக்குக் காத்தால ஏழு மணிக்கு நீங்க என்கூட மஸ்டருக்கு வரோணும்."

3. மஸ்டரில்

வந்தார். அதற்காக அந்த மனுஷனை இன்றும் மெச்சுவேன். மஞ்சக்குட்டை ரோட்டில் ஜீப்பை நிறுத்திவிட்டு, பனி ஈரத்தில் வழுக்கி வழுக்கி என் பின்னால் நடந்தார்.

ரைட்டர், "செல்வி!" என்று கூப்பிட்டார். "இருக்கேனுங்க" என்றபடியே செல்வி கையை என் பக்கம் நீட்டினாள். நீட்டு என்று நான் சொல்லவேண்டியிருக்கவில்லை. அடுத்தவள் ஸ்வெட்டர் கையைச் சுருட்டிக்கொண்டு நின்றாள், அதற்கடுத்தவளும் அப்படியே.

செல்விக்கு எட்டாம் மாதம். அதிகாரி அவளிடம் கேட்டார்: "புதன்கிழமை பெரிய வேன் வரும்மா. டாக்டரே இருப்பார். போதும்தானே?"

"வரட்டுமுங்க, நொம்ப சந்தோசமுங்க. ஏனுங்க சார், புள்ள புதங்கெழம பாத்துத்தான் வருமுங்களா?"

வரிசை கொல்லென்று சிரித்தது. செல்வி சிரிக்கவில்லை. "போன மாசம் வெள்ளிக்கெழம தலைசுத்தி உழுந்துட்டேனுங்க. இந்த நர்சம்மாதான் ஊட்டுக்கு வந்து, நூத்தியெட்டு வர்ற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருந்தாங்க. அந்த வேனு ஊட்டுக்கு வருமுங்களா?"

அதிகாரி ரைட்டரிடம் மஸ்டர் நோட்டைக் கேட்டார். நான் கொண்டுவந்திருந்த டைரியையும் ரிஜிஸ்டரையும் வாங்கி, பக்கத்தில் வைத்து விரல் ஓட்டிப் பார்த்தார்.

"புதன்கிழமை சென்டருக்கு வந்ததா நீங்க எழுதின இந்த எஸ்டேட் பொம்பளைங்க பதினொரு பேரும், அன்னிக்கு இங்க பழம் பறிச்சிருக்காங்களேம்மா!"

"அதைத்தானுங்க சார் நேத்திலிருந்து சொல்லிட்டிருக்கேன்."

4. மெமோ

என் கடிதமும் டைரி நகலும் மஸ்டர் நோட்டின் நகலும் அந்த ஃபைலோடு சேர்ந்து போயின. சென்டரை மூடவில்லை. மறுவருஷம் அதே யோசனை மறுபடி வந்தது. அப்போது ரிஜிஸ்டரில் திங்கள் முதல் சனி வரை ஆட்கள் இருந்தார்கள். மஸ்டரில் நின்றபடியே நான் எழுதியது. ஃபைல் வந்த வழியே திரும்பிப் போயிற்று. இப்போது வேலையில் இருக்கிற பெண்களுக்கு நான் சொல்வது இதுதான்: செய்ததைச் செய்த அன்றே, செய்த இடத்தின் பெயர் போட்டு எழுதுங்கள். எழுதாத வேலையை யாரும் செய்ததாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

எனக்கு மெமோவும் வந்தது. எஸ்டேட் மஸ்டர்களுக்கு நேரில் சென்று செய்த பரிசோதனைகளை உரிய தேதியில் பதியவில்லை என்பது குற்றம். நான் மஸ்டருக்குப் போய் வேலை பார்த்தேன் என்று இத்தனை வருஷத்தில் அரசாங்கம் எழுதிக் கொடுத்த ஒரே காகிதம் அது. கண்ணாடி போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன்.