லைசன் சட்டையைக் கழற்றாத நாள்

லைசனைக் கேலி செய்வது என் உரிமை. அவன் என் அக்கா எலுபேயின் புருஷன். மலாவியில் எங்கள் செவா சனத்தில் ஆண்தான் பெண் வீட்டு ஊருக்கு வந்து குடியேற வேண்டும். வந்தவன் மச்சினிகளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளவும் வேண்டும். நாட்டு எல்லையில் இருக்கும் சந்தைக்கு உருளைக்கிழங்கு மூட்டைகளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு அவன் மேட்டில் திணறும்போது, "மச்சான், நீங்க சைக்கிளைத் தள்ளுறீங்களா, சைக்கிள் உங்களைத் தள்ளுதா?" என்பேன்.

"நீயும் மேல ஏறிக்க. எது கனம்னு அப்பத் தெரியும்" என்பான். பதில் சொல்லாமல் போகிற ஆளே இல்லை. நெஞ்சு வேறு கதவு அகலம்.

அக்காவுக்கு வலி எடுத்தது ஜூலையில். எங்கள் மலையில் அதுதான் தூறல் நாள்கணக்கில் விடாத குளிர்காலம். மாதம் முடியவில்லை, வயிற்றில் இரண்டு. மாவட்ட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். ஒரு பையன், ஒரு பெண். பூனைக்குட்டி அளவுதான் இருந்தார்கள். அக்காவுக்கு உடனே காய்ச்சல் வந்துவிட்டது. எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. துணைக்குப் போனவள் நான்தான்.

அந்த வார்டில் ஒவ்வொரு தாயும் குழந்தையை வெறும் நெஞ்சில் படுக்கவைத்து, மேலே துணியால் இறுக்கிக் கட்டியிருந்தாள். நர்ஸ் கலுவா பெண்குழந்தையை என் நெஞ்சில் கட்டிவிட்டாள். முதுகில் கட்டித்தான் எங்களுக்குப் பழக்கம். முன்னால் கட்டியது கூச்சமாக இருந்தது. "கூச்சப்படாத. இந்த அளவுப் புள்ளைக்கு வேற எந்தப் போர்வையும் பத்தாது" என்றாள். பிறகு வாசலில் நின்ற லைசனைப் பார்த்தாள்.

"நீதானே அப்பன்? சட்டையைக் கழட்டு. பையனை நீ கட்டிக்க."

லைசன் பின்னால் நகர்ந்தான். "சிஸ்டர், எனக்கு இருமல்."

"எங்க, இருமு."

இருமினான். ஆடு தும்மியது போலிருந்தது. வீட்டில் அவன் இருமி நான் கேட்டதே இல்லை. ஆனால் நர்ஸ் என்ன செய்வாள்? இருமுகிற ஆளிடம் அவ்வளவு சின்ன உயிரைக் கொடுக்க முடியாது. வெளியே போகச் சொல்லிவிட்டாள். சூடு காட்டும் பெட்டி ஒன்றுதான் இருந்தது. அதில் ஏற்கெனவே மூன்று குழந்தைகள் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. என் உடம்போ குச்சி. இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டியபோது ஒருவர் மூக்கு ஒருவர் மேல் அழுந்தியது. அதனால் மாற்றி மாற்றிக் கட்டினேன். முறை இல்லாத நேரத்தில் பையன் கம்பளிக்குள் கிடந்தான்.

சாயங்காலம் வராந்தாவுக்குப் போய் லைசனைப் பிடித்துக்கொண்டேன். "மூட்டை தூக்குற நெஞ்சுக்கு ஒரு கைப்புள்ள கனக்குதா மச்சான்? ஆம்பளைங்க சிரிப்பாங்கன்னு பயமா?"

"பையன் எப்படி இருக்கான்?" என்று மட்டும் கேட்டான்.

"உள்ள வந்து தொட்டுப் பாருங்க. கால் சில்லுன்னு கிடக்கு."

கைகளை அக்குளுக்குள் இறுக்கிக்கொண்டான். சோம்பேறி, கல்நெஞ்சன் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு தூறலில் நின்றான்.

விடியும்போது பையன் போய்விட்டான்.

பச்சைக்குழந்தையை அடக்கம் செய்ய எங்களில் ஆண்கள் போவதில்லை. நான்தான் அவனை ஊருக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அப்படியென்றால் பெண்ணை யார் நெஞ்சில் விடுவது? அக்கா காய்ச்சலில் தூக்கித்தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் வராந்தாவுக்குப் போய் லைசனின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன்.

"இருமலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. உள்ள வாங்க!"

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். "வேணாம் மெலியா. நான் தொட்டா இவளும் போயிடுவா."

"என்ன உளர்றீங்க?"

"எல்லைச் சந்தையில அரிசி விக்கிறவ ஒருத்தி. உங்க அக்கா மாசமா இருக்கையில அவகிட்டப் போனேன். ஒரு தடவை இல்ல."

காலரிலிருந்து என் கை நழுவியது. மனைவி கர்ப்பமாக இருக்கும்போது வேறு பெண்ணிடம் போனவன் தொட்டால் குழந்தை தங்காது என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நானும் அதைக் கேட்டு வளர்ந்தவள்தான். என் நெஞ்சிலிருந்த பெண்ணை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டேன். பிறகுதான் எனக்கு உறைத்தது. பையனைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் இந்த ஆள் கையை ஒளித்துக்கொண்டு வெளியே நின்றிருக்கிறான்.

நர்ஸ் கலுவா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். "இதுக்குத்தான் இருமினியா? உன் கூத்தை உன் பொண்டாட்டிகிட்ட வச்சுக்க. அவ செருப்பால அடிச்சா நானே செருப்பை எடுத்துக் குடுக்குறேன். ஆனா தொட்டதால எந்தப் புள்ளையும் சாகல. சேர்த்துப் பிடிக்க ஆளில்லாமத்தான் அவன் விறைச்சுப் போனான்."

சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். லைசன் தரையில் நெற்றியை வைத்துக்கொண்டு போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது.

அக்காவின் கட்டிலுக்கு அவனைக் கூட்டிப்போனேன். தன் வாயாலேயே சொன்னான். அக்கா வறண்ட உதட்டை நாக்கால் நனைத்துக்கொண்டாள்.

"அப்புறம் பேசிக்கலாம். சட்டையைக் கழட்டு" என்றாள். பிறகு என்னிடம், "மெலியா, கட்டிவிடு."

நர்ஸ் சொன்னது தப்பாக இருந்தால் இவளைக் கொன்றது என் கையாகிவிடுமே என்று பயந்தேன். கட்டினேன். குழந்தையின் தலை அவன் தாடைக்கடியில் போய் ஒட்டிக்கொண்டது. லைசன் மூச்சையே பிடித்துக்கொண்டிருந்தான்.

"மூச்சு விடுங்க மச்சான். நீங்களும் போயிட்டா யாரு சுமக்குறது?"

அதற்குப் பிறகு பையனைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அடக்கம் முடிந்து நான் திரும்பி வந்தபோது அவன் அதே நாற்காலியில் இருந்தான். வைத்த கஞ்சி ஆடை படிந்து கிடந்தது. பெண்ணின் காலைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது.

அவளுக்கு ஃபாலெஸ் என்று பெயர் வைத்தோம். இன்றைக்கு ஆடு விரட்டுகிறாள், என்னை எதிர்த்துப் பேசுகிறாள். அக்கா லைசனை விரட்டவில்லை. மன்னித்தாளா என்று கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

சந்தைக்கு எல்லைப் பக்கம் போவதை அவன் விட்டுவிட்டான். கர்ப்பிணிகளுக்கு ஊசி போடும் நாளில் மட்டும் சைக்கிளைச் சுகாதார நிலையத்து மரத்தடியில் நிறுத்திவிட்டு, துணைக்கு வந்த ஆண்களோடு போய் உட்கார்ந்துகொள்வான். "எவகிட்டயாவது போயிருந்தா சொல்லித் தொலைங்கடா. ஆனா புள்ளையக் கட்டிக்கங்க. என்னை மாதிரி இருமாதீங்க" என்பான். சிரிப்பார்கள். சுற்றுவட்டாரத்தில் அவனுக்கு இருமல்காரன் என்றே பெயர். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கிறான்.

ஃபாலெஸ் இன்னமும் அவன் நெஞ்சில்தான் தூங்குவாள். தூங்கியதும் அவளை மெதுவாக ஒரு பக்கமாக நகர்த்துவான். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"மச்சான், ஏன் ஓரத்துல தள்ளுறீங்க? அவ்வளவு பெரிய நெஞ்சு, நடுவுல படுத்தாத்தான் என்ன?"

அவன் காலியாக இருந்த பக்கத்தில் கையை வைத்துக்கொண்டான்.

"ரெண்டு பேருக்கும் இடம் இருந்துச்சு, மெலியா."