ஒரு நாளைக்குத்தானே

மனக்கட்டுப்பாடு பற்றி வாய் கிழியப் பேசுகிறவர்களைக் கண்டாலே எனக்கு அருவருப்பு. உளவியல் ஆராய்ச்சிகள் சொல்வது வேறு. ஆசையோடு மல்லுக்கட்டி வெல்பவர்கள் குறைவாம். கட்டுப்பாடானவர் என்று நாம் மெச்சுகிற பலர், ஆசை கண்ணில் படாதபடி வீட்டையும் நாளையும் ஒழுங்குபடுத்திக்கொண்டவர்கள்தானாம். இதை வாசித்துவிட்டுத்தான் நானாவின் வீட்டைக் கொஞ்சம் மாற்றினோம்.

நானா, அதாவது என் மூத்த சகோதரர், பாலாவியில் சீமெந்து லொறி ஓட்டினார். நீரிழிவு என்கிற சீனி வருத்தம். வலது காலில் ஆறாத புண். சீனி இறங்காவிட்டால் காலை எடுக்கவேண்டி வரும் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். கால் போனால் லொறியும் போய்விடும். மதினி சீனிப் போத்தலையே வீட்டைவிட்டு அகற்றினார். பிள்ளைகளும் சீனியில்லாத தேத்தண்ணிக்குப் பழகினார்கள். நானா வழக்கமான தேத்தண்ணிக் கடையில் லொறியை நிறுத்துவதையும் விட்டார். புண் காயத் தொடங்கியது.

அப்போதுதான் கற்பிட்டியில் மதினியின் தம்பி மகளுக்குக் கலியாணம் வந்தது. சஹன் சாப்பாடு, ஆறு பேருக்கு ஒரே பெரிய தட்டு. நானாவுக்குப் பக்கத்தில் நான். சோறு முடிந்து தித்திப்பான வட்டலப்பம் வந்ததும் நானா கையை மடியில் வைத்துக்கொண்டார். மணப்பெண்ணின் வாப்பா பந்தி பார்த்துக்கொண்டு வந்து குனிந்து, கரண்டி நிறைய அள்ளி நானாவின் பக்கம் வைத்தார்.

“என்ட மகள்ட கலியாணம் மச்சான். ஒரு நாளைக்குத்தானே, தின்னுங்க.”

“புண் இரிக்கி, வேணாம்” என்றார் நானா.

“அதுக்குத்தானே மருந்து போடுறீங்க!”

தட்டைச் சுற்றியிருந்த எல்லோரும் சிரித்தார்கள். நான் தடுத்தேன். மரியாதை தெரியாதவன் என்பதுபோல என்னைப் பார்த்தார்கள். நானா தின்றார்.

பிறகு புதுமாப்பிள்ளைக்கு வீட்டுக்கு வீடு விருந்து. நானா இல்லாத சஹனே இல்லை. மறுத்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், தின்றால் முதுகில் தட்டுவார்கள். சீ, இதுவும் ஒரு பாசமா?

கடைசியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வார்டுக்கு, வட்டலப்பம் அள்ளி வைத்த அதே மச்சான் வந்தார். கட்டைப் பார்த்து உச்சுக்கொட்டினார். பக்கத்துக் கட்டில்காரருக்கும் கேட்கும்படி சொன்னார்.

“வருத்தக்காரண்டா வாயக் கட்டோணும். மச்சானுக்கு மனக்கட்டுப்பாடு இல்லாமப் பெய்த்து.”

 நன்றாக ஏசிவிடுவதென்று எழுந்தேன். அதற்குள் நானா தலையணையில் சாய்ந்தபடியே தலையாட்டினார்.

“ஓம் மச்சான். என்ட பிழைதான்.”