கல்யாண டிஸ்க்கும் எங்கள் வீட்டு டிவியும்

எட்டு வருடங்களுக்கு முன், ஓர் ஆடி மாதம் நடந்தது இது. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். என் கணவருக்கு போர்வெல் வண்டியில் வேலை. வண்டி வடக்கே போனால் ஏழெட்டு மாதத்துக்கு அவரைக் கண்ணில் பார்க்க முடியாது.

அந்த வருடம் வைகாசியில் என் ஒரே தம்பிக்குக் கல்யாணம். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ கல்யாணப் பெண் மாதிரியே பட்டு உடுத்தி, நகை போட்டு, அவன் பக்கத்தில் நின்று செய்கிற சீர். ஒரே தம்பி என்பதால் அந்தப் பெருமை எனக்கு வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான். அந்த ஒரு தடவைக்கும் என் வீட்டுக்காரர் வரவில்லை. எங்கேயோ ஒரு காட்டில் வண்டி ரிப்பேராகி நின்றுவிட்டதாம். காரணம் நியாயம்தான். ஆனாலும் பத்து நாள் நான் அவருடன் போனில் பேசவில்லை. என் ரோஷம் அப்படி.

ஆடிப்பெருக்குக்கு மூன்று நாள் லீவில் வந்தார். வந்ததும் வராததுமாக, "கல்யாண வீடியோவப் போடு அம்மிணி, பாக்கலாம்" என்றார். சமாதானத்துக்கு வருகிறார் என்று புரிந்தது. பெங்களூருக்குக் குடிபோன தம்பி கொடுத்துவிட்டுப் போன டிஸ்க்கை எடுத்து எங்கள் பழைய டிவிடி பிளேயரில் போட்டேன். உள்ளே டிஸ்க்கை வாங்கிக்கொண்டு, டிஸ்க்கே இல்லை என்று காட்டியது அது.

வீடியோ எடுத்த ஸ்டுடியோக்காரருக்குப் போன் போட்டேன். "அது ப்ளூ-ரேங்க. படம் ரொம்பத் தெளிவா இருக்கும். ஆனா அதுக்குத் தனி பிளேயர் வேணும். வேணும்னா சாதா டிஸ்க்ல போட்டுத் தாரனுங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. தம்பி வீட்டுக்கு நல்லது, எனக்கு மட்டும் சாதாவா? பட்டுச் சேலையின் ஒவ்வொரு இழையும் தெரிய வேண்டாமா? வேண்டாம் என்று போனை வைத்துவிட்டு, மறுநாளே சேலத்துக்கு பஸ் ஏறினேன்.

ஃபேர்லேண்ட்ஸில் ஒரு பெரிய கடை. கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். பிளேயரை எடுத்து வைத்தவள், அதற்குரிய வயரின் முனையையும் காட்டினாள். "உங்க ஊட்டு டிவி என்ன டிவிங்கக்கா? பொறத்தால இந்த மாதிரி தட்டையா ஒரு ஓட்டை இருக்குதுங்களா? பாத்துட்டு வந்துகூட வாங்கிக்கலாமுங்க."

எங்கள் வீட்டில் இருந்தது அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த சின்ன கலர் டிவி. ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் எனக்குப் பக்கத்தில் ஓர் அம்மாள், சுவர் அகலத்துக்கு ஒரு டிவியைக் காட்டி விலை கேட்டுக்கொண்டிருந்தார். அவர் காதில் விழ, "அதெல்லாம் இருக்குது. எங்களது பெரிய எல்இடி டிவிதான்" என்று அடித்துவிட்டேன். அந்தப் பெண் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு பில் போட்டாள்.

வீட்டில் கணவர் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, கல்யாணத்துக்கே போகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். நான் டிவியைத் திருப்பினேன். ஒட்டடைக்கு நடுவே மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று வட்ட ஓட்டைகள். தட்டையானதைக் காணோம். பிளேயரிலோ தட்டையானதைத் தவிர வேறு இல்லை.

"கடையில கேக்கலையா?" என்றார்.

"கேட்டாங்க" என்றேன். அவர் மறுநாள் சாயங்காலம் வண்டிக்குக் கிளம்ப வேண்டும்.

காலையில் பிளேயரைத் தூக்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் மறுபடி சேலம். வழியெல்லாம் அடுத்த பொய்யைத் தயார் செய்தேன். எல்இடி டிவி திடீரென்று கெட்டுப்போய்விட்டது என்று சொல்லலாமா? ஆனால் கடையில் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் மறந்து, "இலவச டிவிதான் சாமி இருக்குது. பொய் சொல்லிப்போட்டேன்" என்றேன்.

"எனக்குச் சேந்தமங்கலமுங்க. எங்க ஊட்லயும் அதே டிவிதான் ஓடுது" என்று சிரித்தாள்.

மூன்று ஓட்டை உள்ள பழைய மாடல் ஒன்று அலமாரியில் இருந்தது. அதையாவது கொடு என்றேன். "ஓடுமுங்க. ஆனா இந்தப் பிளேயர் எவ்வளவு தெளிவா குடுத்தாலும் உங்க டிவி சாதா டிஸ்க் அளவுக்குத்தான் காட்டும். எதுக்குங்கக்கா வீணா? ஸ்டுடியோவுலயே சாதா டிஸ்க்ல போட்டு வாங்கிக்கங்க" என்றாள். விற்கிற பெண்ணே வேண்டாம் என்கிறாள்! ஸ்டுடியோக்காரர் முதலிலேயே சொன்னதுதான். கேட்டால்தானே?

பெட்டி பிரித்த சாமானைத் திரும்ப வாங்க முடியாது என்று உள்ளேயிருந்து முதலாளி சத்தம் போட்டார். அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நாந்தானுங்க சரியா விசாரிக்காமக் குடுத்துட்டேன். என்னோட தப்புங்க" என்றாள். முதலாளி நாலு பேர் முன்னால் அவளைத் திட்டிவிட்டு, பிளேயரைத் திரும்ப எடுத்துக்கொண்டார். நான் தலையைக் குனிந்து நின்றேனே தவிர, வாயைத் திறக்கவில்லை. நேற்று பொய் சொல்லத் திறந்த வாய்தான் அது.

மதியத்துக்குள் ஸ்டுடியோக்காரர் சாதா டிஸ்க் போட்டுக் கொடுத்துவிட்டார். கணவர் டிவிக்கு ஓரடி தூரத்தில் தரையில் உட்கார்ந்து பார்த்தார். இணைச்சீர் வந்தபோது, "சேலை சரியாத் தெரியலை இல்லீங்களா?" என்று முனகினேன்.

"இதுக்கு மேல என்னத்துக்குத் தெளிவு? உன்னைய எனக்கு அடையாளம் தெரியாதாக்கும்?" என்றவர், டிவியிலிருந்து திரும்பாமலே, "நான் வந்திருக்கோணும் அம்மிணி" என்றார். நான் இரண்டு மாதமாகக் காத்திருந்தது அந்த ஒரு சொல்லுக்குத்தான். மனசு நிறைந்துவிட்டது.

இரண்டு வருடம் கழித்துப் பெரிய டிவி வாங்க அதே கடைக்கே போனோம். அந்தப் பெண் கல்யாணமாகிப் போய்விட்டாளாம். முதலாளியிடம், "அன்னைக்குத் தப்பு அந்தப் புள்ளைது இல்லீங்க, என்னுதுதானுங்க" என்று சொன்னேன். அவருக்கு எதுவும் ஞாபகம் இல்லை. ஆனாலும் சொல்லிவிட்டுத்தான் பில் போடச் சொன்னேன். இப்போது எந்தக் கடையில் எதைக் கேட்டாலும் வீட்டில் இருப்பதை இருக்கிறபடி சொல்லிவிடுகிறேன். நான் சொல்லும் பொய்க்கு இன்னொரு புள்ளை திட்டு வாங்கக் கூடாது.